பூசணிக்கு முதல் வெட்டு

ராசாத்தி மீனின் தலையை நறுக்குவாள். கோழியை அறுப்பாள். பலாப்பழத்தை நடுவில் பிளந்து சுளை எடுப்பாள். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு முந்திரி உடைக்கும் கொட்டகையில் நாள் முழுக்க உட்கார்ந்து வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டித் தட்டி உடைப்பாள். இதற்கெல்லாம் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பூசணிக்காயை மட்டும் அவள் வெட்டக் கூடாது.

முழுக்காயில் முதல் வெட்டு ஆண் கையால் விழ வேண்டும். விழுந்துவிட்டால் போதும். மீதியைத் துண்டு போட்டு, வேகவைத்து, பரிமாறி, சட்டி கழுவிக் கவிழ்க்கிற வேலை மொத்தமும் பெண்ணுடையது. முதல் வெட்டைப் பெண் போட்டால் புருஷனுக்கு ஆகாது, தலைப்பிள்ளைக்கு ஆகாது. ஏன் ஆகாது என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் பதில் தெரியாது. கேட்டவளை மேலும் கீழும் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

கேட்காமல் இருந்ததில் அவளுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் கணவன் குழந்தைவேல் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினான். வீட்டில் இருந்த காலமெல்லாம் காய்க்கு முதல் வெட்டுப் போட்டவன் அவன்தான். எட்டு வருடத்துக்கு முன்பு ஓர் ஆயுத பூஜை சாயங்காலம், வேலை முடிந்து பைக்கில் வீடு திரும்பிக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு லாரிக்குத் திருஷ்டி கழித்து, குங்குமம் தடவி, நடுரோட்டில் உடைத்துப் போட்டிருந்த பூசணிச் சதையில் சக்கரம் வழுக்கியது. பின்னால் வந்த டிராக்டர்காரன் பிரேக் போட்டும் பயனில்லை. திருஷ்டி கழித்த லாரிக்கு ஒரு கீறலும் இல்லை. குழந்தைவேல் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான்.

துக்கம் கேட்க வந்தவர்களில் மூன்று பேர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "உண்மையச் சொல்லு. அவன் இல்லாதப்ப நீ எப்பவாவது பூசணிக்காய வெட்டினியா?"

அவள் வெட்டியதில்லை. ஒருமுறைகூட இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி முள்ளாகத் தங்கிவிட்டது. அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே பெண் நந்தினி. தலைப்பிள்ளையும் அவள்தான், கடைப்பிள்ளையும் அவள்தான். அதனால் அதற்குப் பிறகும் அவள் கத்தி முழுப் பூசணி மேல் படவில்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் கொழுந்தன் இராமலிங்கம் வந்து வெட்டுவான். கூப்பிட்டவுடன் வரமாட்டான். குளித்து, தலை சீவி, டீ குடித்து, நாலு தடவை கூப்பிட்ட பிறகு அரிவாளோடு வருவான். ஒரே வெட்டு. பிறகு பாதிக் காயைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விடுவான். ஆடியில் குழி எடுத்து, சாணம் போட்டு, விதை ஊன்றி, ஐந்தாறு மாதம் தண்ணீர் ஊற்றியவளுக்குப் பாதி. கையை ஒரு தடவை ஓங்கி இறக்கியவனுக்குப் பாதி.

அந்தக் கொல்லை மட்டும் இல்லாவிட்டால் ராசாத்தியின் நாட்கள் வெறும் கொட்டகையும் கட்டையுமாகவே போயிருக்கும். வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் இடம். குளித்த தண்ணீர், அரிசி கழுவின தண்ணீர் எல்லாம் வாய்க்கால் வழியாக அங்கே போய்ச் சேரும். ஒவ்வொரு மாதமும் அது எதையாவது நீட்டும். அவளும் புதிதாகப் பார்க்கிறவள் மாதிரி ஓடுவாள். பங்குனியில் வேலியோரத்து ஒற்றை முந்திரி மரத்தில் பச்சைக் கொட்டை தென்பட்டால் அன்று முருங்கைக்கீரையோடு பச்சைப் பருப்புக் குழம்பு. ஐப்பசி மழையில் தூதுவளை துளிர்த்தால் இரவுக்கு ரசம். கார்த்திகையில் முதல் பிஞ்சு அவரை தொங்கினால் சமைப்பதற்கு முன்பு பெரம்பலூருக்குப் போன் போய்விடும். அங்கேதான் நந்தினி விடுதியில் தங்கி நர்ஸிங் கடைசி வருடம் படிக்கிறாள்.

"அவரை வந்துருச்சுடி!"

"யாரும்மா அவரு?"

"அடி செருப்பால, அவரைக்காடி!"

வெளியூரில் இருக்கும் மகளுக்கு ஊர்ச் செய்தி என்றால் இப்படித்தான்.

ஆனால் கொட்டகை அவள் கையைத் தின்றுகொண்டிருந்தது. முந்திரி ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்ட இடமெல்லாம் பொத்துப்போகும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் விடாது. விரல் நுனிகள் தோலுரிந்து, மறுபடி வளர்ந்து, மறுபடி உரிந்து, இப்போது நிரந்தரமாகக் கறுத்துவிட்டன. மேஸ்திரியிடம் கையுறை கேட்டதற்கு, "கையுறை போட்டா வேகம் வராதும்மா" என்று பதில் வந்தது. வேகம் யாருக்கு வேண்டும் என்று அவள் கேட்டாள். அந்த வாரம் அவளுக்கு மூன்று நாள் வேலை கொடுக்கவில்லை. மார்கழியில் அவளால் சாதத்தைப் பிசையக்கூட முடியவில்லை. கரண்டியால் சாப்பிட்டாள்.

அந்த மார்கழியில்தான் ஆனி ரோஸ் செய்தி கொண்டு வந்தாள். வரதராசன்பேட்டைக்காரி, கொட்டகையில் பக்கத்து இடம், மகளிர் குழுவிலும் கூடவே இருப்பவள். கணவன் கிளமெண்ட் குவைத்தில் வேலை செய்கிறான்.

"யக்கா, தை மாசம் அரியலூர்ல சமையல் போட்டியாம். மகளிர் குழுவுக்கு மட்டும். அவங்கவங்க வூட்டுத் தோட்டத்துல இந்தப் பருவத்துல காய்ச்சத மட்டும் வெச்சு ரெண்டு மணி நேரத்துல சமைக்கணும். ஒரு மேசைக்கு ரெண்டு பேரு."

"ஜெயிச்சா குக்கரா?"

"குக்கர் இல்லக்கா. அங்க பெரிய ஆபீஸ் கட்டடத்துல புதுசா கேன்டீன் தொறக்குறாங்க. ஜெயிச்ச குழுவுக்கு அந்தக் கேன்டீன்!"

ராசாத்தியின் கட்டை பாதியில் நின்றது. தன் பத்து விரல்களையும் பார்த்தாள். பிறகு கொட்டகையின் கூரையைப் பார்த்தாள். "பேரக் குடு. இன்னைக்கே குடு" என்றாள்.

அன்றிலிருந்து அவள் கால் தரையில் நிற்கவில்லை. கொல்லையில் கூரை மேல் ஏறிய கொடியில் ஏழு பூசணி கிடந்தன. வெள்ளைப் பூசணி, சாம்பல் பூத்தது. அதில் ஒன்றை அவள் தேர்ந்தெடுத்து அடியில் வைக்கோல் செருகினாள். தினமும் காலையில் விரலால் சுண்டிப் பார்த்தாள். என்ன செய்வது என்பது அவளுக்குத் தெளிவாக இருந்தது. ஒரே காயில் ஐந்து பதார்த்தம். தோலில் துவையல், சதையில் மோர்க்குழம்பு, விதையைச் சுற்றியிருக்கும் நடுச்சோற்றில் மொச்சை போட்ட கூட்டு, துருவிப் பிழிந்ததில் அல்வா, பிழிந்த தண்ணீரில் மிளகு ரசம். சோற்றுக்கு ஆனி ரோஸ் வீட்டு வரகு. குப்பைக்கு ஒரு துணுக்கும் போகாது.

"நெனைச்சுப் பார்த்தாலே எச்சில் ஊறுதுக்கா. ஆனா காய யாரு வெட்டுறது?" என்றாள் ஆனி ரோஸ்.

"நீங்கதான் வேதக்காரங்களாச்சே, நீ வெட்டு."

"வேதக்காரங்கதான். ஆனா பூசணிக்கு ஏதுக்கா வேதம்? எங்க மாமியா அடிச்சே கொன்னுடும். நானே வூட்டுல அவருக்கு வீடியோ கால் போட்டுத்தான் வெட்டுறேன்."

"போன்லயா?"

"ஆமா. போன காய்க்கு நேரா நிறுத்திடுவேன். அவரு அங்கேருந்து 'ம், வெட்டியாச்சு'ன்னு கையக் காட்டுவாரு. அப்புறம் நான் வெட்டுவேன். எங்க தெருவுல எல்லா வூட்டுலயும் ஆம்பளைங்க வெளிநாட்டுல. வேற என்னதான் செய்யுறது?"

ராசாத்தி சிரித்த சிரிப்பில் மேஸ்திரி திரும்பிப் பார்த்தான்.

போட்டி நாள் காலையில் எட்டு கிலோ காயைச் சாக்கில் கட்டி, அரிவாள்மனையைப் பழைய சேலையில் சுற்றி, இருவரும் பஸ் ஏறினார்கள். முந்தின நாளே இராமலிங்கத்தைக் கொண்டு ஒரு கீறல் போட்டுவிடலாம் என்று ஆனி ரோஸ் சொல்லியிருந்தாள். ஆனால் விதியில் ஒரு வரி தடுத்தது. காய்கள் முழுசாக, வெட்டுப்படாமல் வர வேண்டும். முந்தின வருடம் யாரோ வீட்டிலேயே சமைத்துக் கொண்டுவந்து சூடு பண்ணிப் பரிமாறிவிட்டார்களாம். இன்னொரு வரி: உள்ளே வந்த காய் மறுபடி வெளியே போகக் கூடாது. மூன்றாவது வரி வாசலிலேயே பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது: மண்டபத்துக்குள் பெண்களுக்கு மட்டும் அனுமதி. கூட வந்த கணவன்மார்கள், தம்பிமார்கள் எல்லாம் எதிர் டீக்கடைக்கு அனுப்பப்பட்டார்கள்.

இந்த மூன்று வரிகளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அவற்றை எழுதிய படித்த மனிதர்கள் யாரும் யோசிக்கவில்லை. அவர்கள் வீட்டில் பூசணிக்காய் கீற்றாகத்தான் வரும் போலிருக்கிறது.

மணி பத்து. விசில் ஊதியது. பதினேழு மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கேஸ் அடுப்பு. தை மாதம் வீட்டுத் தோட்டத்தில் என்ன காய்க்கும்? பதினோரு மேசைகளில் பூசணியோ பரங்கியோ முழுசாக உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி இருபத்திரண்டு பெண்கள் கத்தியும் கையுமாக நின்றார்கள். ஒருத்தியும் தொடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஆம்பள யாராச்சும் இருக்காங்களா?" என்று ஒரு குரல் கேட்டது.

இருந்தான். மேடைக்குப் பக்கத்தில் மைக்செட் பெட்டிக்குப் பின்னால் தர்மன் என்ற இளைஞன் ஒயரைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. பதினோரு மேசைகளும் ஒரே நேரத்தில் அவனைக் கண்டுபிடித்தன.

"தம்பி, இங்க வா சாமி!"

"அண்ணே, மொதல்ல எங்களுது!"

"ராசா, ஒரே ஒரு வெட்டு, உனக்குப் புண்ணியமாப் போவும்!"

வாழ்க்கையில் முதல்முறையாக ராசா ஆன தர்மன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதல் மேசைக்குப் போனான். அவனுக்குக் கத்தி பிடிக்கத் தெரியவில்லை. பரங்கிக்காய் உருண்டது. மூன்று பெண்கள் காயைப் பிடித்துக்கொள்ள, அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு போடு போட்டான். ஒரு அங்குலம் இறங்கியது. "போதும் போதும், நாங்க பாத்துக்குறோம்!" என்று அவனை அடுத்த மேசைக்குத் தள்ளினார்கள். அங்கே அவனுக்கு ஒரு டம்ளர் பாயசம் வாக்களிக்கப்பட்டது. நாலாவது மேசையில் அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டான். ஐந்தாவது மேசையில், "அவசரப்படுத்தாதீங்கக்கா, இதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு" என்றான்.

ராசாத்தியின் மேசை பதினேழு, கடைசி. சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது. அல்வாவுக்கு மட்டும் ஒரு மணி நேரம் கிளற வேண்டும். அவள் மொச்சையை உரித்து முடித்திருந்தாள். தேங்காய் அரைத்தாயிற்று. வரகு ஊறிக்கொண்டிருந்தது. காய் மட்டும் மேசை நடுவில் சாம்பலோடு உட்கார்ந்திருந்தது.

பத்து இருபத்தைந்துக்கு மைக் கீச்சென்று கத்தியது. மண்டபமே காதைப் பொத்தியது. அதிகாரிகள் வருகிறார்கள், வரவேற்புரைக்கு மைக் வேண்டும். தர்மனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவன் ஆறாவது மேசையில் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினான்.

"போச்சு" என்றாள் ஆனி ரோஸ். போனை எடுத்தாள். நாலு தடவை அடித்த பிறகு கிளமெண்ட்டின் முகம் தெரிந்தது. தலையில் மஞ்சள் தொப்பி, பின்னால் ஏதோ இயந்திரம்.

"என்னடி, டூட்டில இருக்கேன்!"

"ஏங்க, சீக்கிரம் ஒரு பூசணிய வெட்டுங்க. ராசாத்தியக்கா காய்."

"எங்க, காட்டு. ம்... வெட்..."

"நிறுத்துப்பா" என்றாள் ராசாத்தி. போனைக் கையால் மூடினாள். "ஆனி, உன் புருசன் எனக்கு என்ன வேணும்? அந்த மைக்செட்டுப் பய இங்க இருக்குற யாருக்கு என்ன வேணும்? கடலுக்கு அந்தாண்ட கெடக்குறவன் கைய ஆட்டுனா செல்லும், காயப் பெத்து வளத்தவ தொட்டா செல்லாதா?"

"எனக்கென்னக்கா தெரியும்? எல்லாரும் சொல்றாங்க."

ராசாத்தி தன் போனை எடுத்து நந்தினியைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா, போட்டி ஆரம்பிச்சிருச்சா?"

"ஆரம்பிச்சிருச்சு. நீ நல்லாயிருக்கியா?"

"காலைல எட்டு மணிக்கும் இதத்தான் கேட்ட."

"எங்க இருக்க? ரோட்டுல இருக்கியா?"

"வார்டுல இருக்கேன்மா. என்ன ஆச்சு?"

"நான் பூசணிக்காய வெட்டப் போறேன்."

எதிர்முனையில் யாரோ ஒரு நோயாளி இருமினார். பிறகு நந்தினி கேட்டாள்: "அம்மா, அந்தப் பூசணிக்கு என் பேரு தெரியுமா?"

"என்னடி?"

"இல்ல, நீ அரியலூர்ல வெட்டுனா அது பெரம்பலூர் வந்து என்னையத் தேடணும்ல? அட்ரஸ் குடுத்து வுடு. மூணாவது மாடி, பொம்பளைங்க வார்டு. லிஃப்ட் வேலை செய்யல, படியேறி வரச் சொல்லு."

ராசாத்தி சிரித்துவிட்டாள். போனை வைத்தாள். சுற்றியிருந்த பழைய சேலையைப் பிரித்து அரிவாள்மனையை எடுத்துத் தரையில் போட்டாள். ஒரு காலை மடக்கி மறுகாலால் பலகையை மிதித்து உட்கார்ந்தாள்.

அடுத்த மேசை பெரியம்மாள் பாடாலூர்க்காரி. சின்ன வெங்காயக் குழம்புக்குப் பேர் போனவள். அவள் மேசையிலும் ஒரு பரங்கி காத்திருந்தது. ராசாத்தி போனில் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. "ஏய், ஏய்! என்னடி பண்ற? தாலிய அறுத்தவ வேற. மிச்சம் இருக்குற பொண்ணையும் வாயில போட்டுக்காத!"

மண்டபம் திரும்பியது. கரண்டிச் சத்தம் நின்றது.

ராசாத்தி தலையை நிமிர்த்தினாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் மேடை வரை கேட்டது.

"கேளுங்கக்கா. பதினஞ்சு வருசம் என் புருசன் உசுரோட இருந்த வரைக்கும் நான் ஒரு பூசணியக்கூட வெட்டல. ஒரு கீறல் போடல. அவரு எதுல வழுக்கி வுழுந்து செத்தாரு தெரியுமா? ரோட்டுல உடைச்சுப் போட்ட பூசணில. அத ஒடச்சது யாரு? ஆம்பள. முறைப்படி, சூடம் ஏத்தி, மூணு சுத்துச் சுத்தி ஒடச்ச பூசணி. அவன் வூட்டு வாசல்ல போயி ஒருத்தரும் கேக்கல. என் வூட்டுக்கு வந்து 'நீ வெட்டினியாடி'ன்னு கேட்டாங்க. வெட்டாமயே பழிய வாங்கிட்டேன். இன்னைக்கு வெட்டிட்டே வாங்கிக்கிறேன்."

காயைத் தூக்கி இரும்பின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள்.

கரகரவென்று ஒரு சத்தம். மண்டபத்தில் அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். காய் இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கமும் சாய்ந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று, தண்ணீர் துளிர்த்து, விதை வரிசை வரிசையாக அப்படியே அடுக்கியிருந்தது. பச்சை வாசனை எழுந்தது. இடி இடிக்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதே நேரம் பார்த்து மைக்கும் சரியாகி, "ஹலோ, ஹலோ, ஒன், டூ" என்றது.

பதினாலாவது மேசையிலிருந்து ஒரு பெண் தன் காயைக் கட்டிப்பிடித்தபடி ஓடி வந்தாள். "யக்கா, யக்கா, எங்களுதையும் நீங்களே வெட்டிக் குடுத்துடுங்கக்கா!" அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

ராசாத்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆம்பள போயி இப்ப நான் வந்தேனா? நான் என்ன உங்களுக்குப் பூசாரியா? உன் காய நீ வெட்டு!"

அந்தப் பெண் தரையில் உட்கார்ந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வெட்டினாள். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். பிறகு இரண்டாவது கண்ணையும் திறந்தாள். அதற்கப்புறம் மண்டபத்தில் நாலு பக்கமும் கரகர கரகர என்று சத்தம். இரண்டு மேசைக்காரர்கள் கடைசி வரை மனம் வராமல் பூசணியை ஒதுக்கிவிட்டு அவரைக்காய்க்கு மாறினார்கள். பெரியம்மாள் மட்டும், வேலை முடிந்து வந்த தர்மனைக் கூப்பிட்டு, தன் பரங்கியைக் காட்டினாள். அவன் மணிக்கட்டு வலிக்கிறது என்றான்.

"ஆனி, அடுப்பு!"

அதன்பிறகு நடந்தது சமையல் இல்லை, பாய்ச்சல். ஆனி ரோஸ் சாம்பலைத் தேய்த்துக் கழுவித் தோலைச் சீவினாள். ராசாத்தி பாதிக் காயைத் துருவினாள், மெல்லிய துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தாள். பிழிந்த தண்ணீர் ரசச் சட்டிக்கு. துருவல் நெய்ச் சட்டிக்கு. தோல் நல்லெண்ணெயில் உளுந்தோடும் காய்ந்த மிளகாயோடும் வதங்கியது. சதைத் துண்டுகள் வெந்து கண்ணாடியானதும் அரைத்த விழுதைப் போட்டு, அடுப்பைத் தணித்து, மோரை ஊற்றினாள். "பொங்க வுடாத, நுரை கட்டுனதும் எறக்கு, எறக்கு, எறக்குடி!" விதையைத் தனியே எடுத்து வைத்ததும், பஞ்சு போன்ற நடுச்சோறு பாசிப்பருப்போடும் மொச்சையோடும் குழைந்தது. அல்வாவில் சர்க்கரை இளகி, மறுபடி இறுகி, கரண்டியைச் சுற்றிக்கொண்டு சட்டியை விட்டு விலகியபோது மணி பதினொன்று ஐம்பத்தாறு. கறிவேப்பிலை தாளித்த வாசனையும் நெய் வாசனையும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, மேடையில் பேசிக்கொண்டிருந்த அதிகாரியின் வாக்கியத்தையே தடுமாற வைத்தன.

நடுவர் ஆர்த்தி, கல்லூரியில் சமையற்கலை சொல்லிக் கொடுப்பவர். முதலில் குப்பைக்கூடையைத்தான் பார்த்தார். மொச்சைத் தோலைத் தவிர உள்ளே பூசணிக் காம்பு ஒன்று மட்டும் கிடந்தது. ரசத்தை ஒரு வாய் குடித்தார், கண்ணாடியில் ஆவி படிந்தது. துவையலைத் தொட்டு வரகுச் சோற்றைப் பிசைந்தார். மறுபடி பிசைந்தார். அல்வாவைக் கரண்டியில் எடுத்து உற்றுப் பார்த்தார்.

"மேலே என்னம்மா இது? முந்திரி இல்லையே."

"போன வருசக் காயோட விதைங்க மேடம். காய வெச்சு, உரிச்சு, வறுத்தது."

"முந்திரி ஊர்லருந்து வந்துட்டு முந்திரி போடலயா?"

ராசாத்தி தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். பத்து கறுத்த விரல்கள். "முந்திரிய நான் ரொம்ப ஒடச்சிட்டேன் மேடம். இனிமே பூசணிதான்."

ஆர்த்தி அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு அல்வாவை வாயில் போட்டுக்கொண்டு, தாளில் எதையோ எழுதினார். எழுதின பேனாவை மூடிவிட்டு மறுபடி ஒரு கரண்டி எடுத்தார். ஆனி ரோஸ் ராசாத்தியின் முதுகில் கிள்ளினாள்.

முடிவைத் தர்மனின் மைக்கில்தான் சொன்னார்கள். இரண்டாம் இடம் பெரியம்மாளுக்கு. பரங்கியைத் தொடாமல் வெறும் சின்ன வெங்காயத்திலேயே அவள் அசத்திவிட்டிருந்தாள். முதல் இடம் பதினேழாம் மேசைக்கு. கேன்டீனுக்கு நாலு பேர் வேண்டும், இரண்டாம் இடத்துக்காரர்களும் சேர்ந்துகொள்ளலாம் என்று ஆர்த்தி சொன்னார்.

பெரியம்மாள் மெதுவாக நடந்து வந்தாள். "நான் காலைல சொன்னத மனசுல வெச்சுக்காத."

"வெச்சுக்கத்தான் செய்வேன்" என்றாள் ராசாத்தி. "ஆனா உங்க வெங்காயக் குழம்பு எனக்கு வேணும். திங்கக்கிழமை வந்துடுங்கக்கா."

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அவள் ஊர் வந்து சேர்ந்தாள். இராமலிங்கம் கொல்லையில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். கையில் அரிவாள்.

"அண்ணி, இன்னும் ரெண்டு காய் நல்லா முத்திக் கெடக்கு. எறக்கி வெட்டிப் போட்டுட்டுப் போவவா?"

"வேணாம் தம்பி."

"ஆமா, போட்டில யாரு வெட்டுனது?"

"நான்தான்."

இராமலிங்கம் அரிவாளைக் கீழே இறக்கினான். அவளைக் கால் முதல் தலை வரை பார்த்தான், எங்காவது எதாவது குறைந்திருக்கிறதா என்று தேடுகிறவன் மாதிரி. "என்ன அண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க? நந்தினிப் புள்ளைக்கு..."

அவன் வாக்கியத்தை முடிப்பதற்குள் போன் அடித்தது. பெரம்பலூர். அவன் முகம் வெளுத்தது. ராசாத்தி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா! உசுரோடதான் இருக்கேன். பூசணி இன்னும் மூணாவது மாடிக்கு வந்து சேரல. ரிசல்ட் என்னாச்சு, அதச் சொல்லு மொதல்ல!"

"கேன்டீன் நமக்குத்தாண்டி!"

போனுக்குள்ளிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. பின்னாலேயே "இது வார்டும்மா, மெதுவா" என்று யாரோ அதட்டும் குரல். ராசாத்தி சிரித்துக்கொண்டே பைக்குள் கைவிட்டு ஒரு சின்னத் தூக்குச்சட்டியை எடுத்து, மூடியைத் திறந்து, இராமலிங்கத்திடம் நீட்டினாள்.

"பாதிக் காய் இனிமே கெடையாது தம்பி. இந்தாங்க, ஒரு வா அல்வா சாப்டுங்க."

அவன் தூக்குச்சட்டியைப் பார்த்தான், கூரை மேல் கிடந்த காய்களைப் பார்த்தான், போனைப் பார்த்தான். பிறகு அரிவாளை வேலியில் சாத்திவிட்டு, ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான், வேறு வழியில்லாமல்.